தணல் அடுப்பைப் பாதுகாப்பாக மூட்டுதல்

விறகடுப்பு எமக்குப் புதியதன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்தபோதும், 2022இல் எரிவாயுவே கிடைக்காமற் போனபோதும் நகரத்து வீடுகளும் மீண்டும் விறகுக்குத் திரும்பின. ஆனால் கல்லடிக் கடற்கரைக்கோ வாவிக்கரைக்கோ தூக்கிச் சென்று மீன் வாட்டும் தகர அடுப்பு, அதாவது பாபிகியூ அடுப்பு, குசினி அடுப்பைப் போன்றதன்று. அதற்குச் சுவர் இல்லை, புகைபோக்கி இல்லை. வைக்கும் இடத்துக்கும் வீசும் காற்றுக்கும் ஏற்ப அதன் குணம் மாறும். சுவாலை எழும்போது எல்லோரும் விலகி நிற்பார்கள். சுவாலை அடங்கிய பின்புதான் பெரிய ஆபத்து வருகிறது. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

தகனத்திற்கு எரிபொருள், ஒட்சிசன், எரிபற்று வெப்பநிலை ஆகிய மூன்றும் தேவை என்பதை விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். பச்சை விறகின் நிறையில் பாதியளவு வரை நீராக இருக்கலாம். அந்நீர் ஆவியாவதற்கே வெப்பம் செலவாகிவிடுவதால் விறகு எரியாமல் புகைகிறது. பொறுமை இழந்தவர் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடுகிறார். எனவே பல தீ விபத்துகளுக்கு ஈர விறகே முதற் காரணம் எனலாம். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தவை கணீரென ஒலிக்கும். ஈரமானவை மந்தமாக ஒலிக்கும்.

எமது பிரதேசத்தில் சிரட்டையை விடச் சிறந்த எரிபொருள் இதற்கு இல்லை என்பது என் கருத்து. சிரட்டை விரைவில் பற்றி, நல்ல தணலாகும். பன்னாடையையும் காய்ந்த தென்னோலையையும் அடியில் இட்டு, அதன்மேல் சிரட்டைகளை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால் காற்றுப் புகாது. அடுப்பின் அடித்துளைகளைச் சாம்பல் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். வர்ணம் பூசிய பழைய தோணிப் பலகை வேண்டாம். அதன் புகையில் நச்சுப் பொருள்கள் கலந்திருக்கும். வாவியோரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணைக் குருடாக்க வல்லது. அதன் புகையும் கண்ணுக்குத் தீங்கு. அலரியும் நஞ்சுடையது. கண்டல் மரங்களை வெட்டவே கூடாது. இலங்கையின் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டம் 2015இல் ஆரம்பிக்கப்பட்டது.

இனி, காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த வெப்பக் காற்றாக எம் பக்கம் இறங்குகிறது. இதுவே கச்சான் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் இது கடற்காற்றையும் தள்ளிவிட்டு வீசும்போது மட்டக்களப்பின் வெப்பநிலை 38 பாகை செல்சியஸை நெருங்குவதுண்டு. அந்நாட்களில் ஒரு தீப்பொறி கிடுகு வேலியில் விழுந்தால் போதும். வேலி, ஓலைக்கூரை, காய்ந்த புல் ஆகியவற்றிலிருந்து குறைந்தது பத்து அடி தள்ளி, சமதரையில் அடுப்பை வைத்து, அருகில் ஒரு வாளி நீரும் வைத்திருக்க வேண்டும். காற்றுப் பலமாக இருந்தால் அன்று மூட்டாமல் விடுவதே நன்று.

மண்ணெண்ணெயும் ஏறத்தாழ அதே 38 பாகையில் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடத் தொடங்கும் என்பதைக் கவனியுங்கள். தணலின் வெப்பமோ பல நூறு பாகை. சுவாலை இல்லை, நெருப்பு அணைந்துவிட்டது என எண்ணி ஊற்றிய மறுகணம் அது ஆவியாகிப் பற்றும். சுவாலை கையிலுள்ள போத்தல் வரை பாயலாம். பெற்றோலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை; அது பனியுறை குளிரிலும் ஆவியை வெளிவிடும். தணல் மங்கினால் காய்ந்த சிரட்டைத் துண்டு இரண்டை இட்டு விசிறுங்கள்.

மற்றைய ஆபத்துக் கண்ணுக்குத் தெரியாது. மாரியில் திடீரென மழை கொட்டும்போது அடுப்பை மண்டபத்துக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கி வைப்பார்கள். புகை இல்லாத தணல் தீங்கற்றது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் தணல் காபனோரொட்சைட்டை வெளிவிடுகிறது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஈமோகுளோபினுடன் பிணைகிறது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துக்கொள்வார்கள். 2012இல் இங்கிலாந்தில், சமைத்து முடித்த அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்த ஒரு குடும்பம் தன் மகளை இப்படித்தான் இழந்தது. யன்னலைத் திறந்து வைப்பது போதாது. அறிகுறி தெரிந்தால் உடனே எல்லோரும் வெளியேறி, 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும்.

சாப்பிட்டு முடிந்ததும் தணலைக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு வருவது பலரது வழக்கம். மணல் வெப்பத்தை மூடி வைத்திருக்கும்; மணித்தியாலங்கள் கழித்தும் அவ்வழியே ஓடும் சிறுபிள்ளையின் பாதம் வெந்துபோகலாம். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கிளறி, மீண்டும் தெளித்து, புறங்கையை மேலே பிடித்துச் சூடில்லை என உறுதி செய்த பின்பே சாம்பலைக் கொட்டுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் பற்பசை பூசாதீர்கள். ஓடும் சுத்தமான நீரில் 20 நிமிடம் காயத்தைப் பிடித்து, பின்பு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.