மெலடோனின் மாத்திரை போட்டால் கருமுட்டையின் தரம் கூடுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

'தூக்கம் வரலையா? மெலடோனின் போடுங்க' என்று சொன்ன ரீல்ஸ் எல்லாம் இப்போது, 'குழந்தைக்கு முயற்சி பண்றீங்களா? மெலடோனின் போடுங்க' என்கின்றன. ஐ.வி.எஃப். சிகிச்சையில் சில மருத்துவர்களும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். இதன் பின்னால் அறிவியல் இருக்கிறதா?

மெலடோனினுக்கும் கருமுட்டைக்கும் என்ன தொடர்பு?

மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, இருட்டியதும் சுரக்கும் ஹார்மோன்தான் மெலடோனின். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரோன் லெர்னர் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். 'ராத்திரி ஆயிடுச்சு' என்று உடம்புக்குத் தகவல் சொல்வது இதன் முக்கிய வேலை. கூடவே, இது ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்டும்கூட.

சினைப்பையில் கருமுட்டை வளரும் சிறு பைக்குப் பெயர் ஃபாலிக்கிள். அதிலுள்ள திரவத்தில், ரத்தத்தில் இருப்பதைவிட மெலடோனின் அதிகமாக இருக்கிறது. ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது இதுதான்.

ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்றால்?

பெயரைப் பார்த்து ஆபீஸ் டென்ஷன் என்று நினைக்க வேண்டாம். செல்கள் ஆற்றலைத் தயாரிக்கும்போது ஃப்ரீ ராடிக்கல்ஸ் உருவாகும். அவற்றை ஆன்டிஆக்ஸிடன்ட்கள் கட்டுக்குள் வைக்கும். இந்தச் சமநிலை கெட்டால் டி.என்.ஏ., செல் சவ்வு, மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படும். அதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். வயது, புகைப்பழக்கம், எண்டோமெட்ரியோசிஸ், பி.சி.ஓ.எஸ். ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு.

ஆனால் ஃப்ரீ ராடிக்கல்ஸ் முழு வில்லனும் இல்லை. சுண்டெலிகளில் அவற்றை அடக்கிப் பார்த்தபோது, கருமுட்டை வெளியேறுவதே குறைந்துபோனது. கொஞ்சம் தேவை, அதிகமானால் ஆபத்து.

நம்பிக்கை தந்த ஜப்பான் ஆய்வு

2008-ல் ஜப்பானின் யமகுச்சி பல்கலைக்கழக மருத்துவர்கள், ஏற்கெனவே ஐ.வி.எஃப். தோல்வியடைந்த 115 பெண்களை ஆய்வு செய்தார்கள். 56 பேருக்கு தினமும் இரவு 3 மி.கி. மெலடோனின் கொடுத்தார்கள், 59 பேருக்குக் கொடுக்கவில்லை. மெலடோனின் எடுத்தவர்களிடம் கருமுட்டை விந்தணுவுடன் இணைந்து கருவாகும் விகிதம், முந்தைய முயற்சியில் இருந்த சுமார் 20%-லிருந்து 50% ஆனது. மற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை.

பலரும் பகிர்வது இந்த எண்ணைத்தான். கர்ப்பமானவர்கள் எத்தனை பேர்? மெலடோனின் குழுவில் 11, மற்ற குழுவில் 6. புள்ளியியல்படி இந்த வித்தியாசத்தை உறுதியானதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து வந்த ஆய்வுகள்?

2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 160 பெண்கள். சிலருக்குப் போலி மாத்திரை, மற்றவர்களுக்கு தினம் இரண்டு வேளை 2, 4 அல்லது 8 மி.கி. மெலடோனின். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. கருமுட்டைகளின் எண்ணிக்கை, தரம், கர்ப்ப விகிதம் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

மெலடோனின் உட்பட பலவகை ஆன்டிஆக்ஸிடன்ட்கள் பற்றிய 63 ஆய்வுகளை (7,760 பெண்கள்) காக்ரேன் அமைப்பு 2020-ல் அலசியது. பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரங்களின் தரம் குறைவு என்பதே அதன் முடிவு.

அதனால், 'மெலடோனின் உதவும்' என்ற செய்தியைப் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: அளந்தது கருமுட்டையின் தரத்தையா, குழந்தை பிறப்பையா?

நாமே வாங்கிப் போடலாமா?

வேண்டாம். 2017-ல் கனடாவில் 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் உள்ளதைவிட 83% குறைவாகவும் 478% அதிகமாகவும்கூட மருந்து இருந்தது. எட்டில் செரோடோனினும் கலந்திருந்தது. பகலில் தூக்கக் கலக்கம், தலைவலி வரலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இது பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய தரவுகளும் இல்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்கணும்?

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு, 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனைக்குப் போங்கள். மாதவிடாய் ஒழுங்காக வராவிட்டால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். விந்தணுப் பரிசோதனையும் சேர்த்தே நடக்கட்டும், பிரச்னை ஆணிடமும் இருக்கலாம். 'மாத்திரை போட்டுப் பார்ப்போமே' என்று தள்ளிப்போடும் மாதங்களில் வயதும் கூடுகிறது. அதைச் சரிசெய்ய எந்த மாத்திரையும் இல்லை.