டேக் காட்டினால் திறக்கும் கதவு, தீப்பிடித்தால் திறக்குமா?

ஜமாஅத் கட்டடங்களிலும் மதரஸா விடுதிகளிலும் இப்போது சாவிக்குப் பதில் 'டேக்' வரத் தொடங்கியிருக்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் சிறு வில்லையை வாசலில் உள்ள ரீடரில் காட்டினால் கதவு திறக்கும். நல்ல ஏற்பாடுதான். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். டேக் தொலைந்தால் அந்த ஒரு எண்ணை மட்டும் நீக்கினால் போதும். பெண் பிள்ளைகள் தங்கும் விடுதியில் எந்த டேக் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தது என்ற பதிவும் கிடைக்கும். வெளியாள் நுழைய முடியாதல்லவா என்று நிர்வாகிகள் தவறாமல் கேட்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் எந்த நேரத்திலும் வெளியேற முடியுமா என்று கேட்பவர் குறைவு.

2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றி 28 பேர் மடிந்தார்கள். பலர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் போனது. பாதுகாப்புக்கென்று போட்ட கட்டுதான் அங்கே உயிரைப் பறித்தது. நம் பிள்ளைகள் தூங்கும் மாடியில் மின்சாரப் பூட்டைப் பொருத்தும்போது இதை மறக்கக் கூடாது.

பூட்டில் இரண்டு வகை உண்டு. காந்தப் பூட்டு கரண்ட் இருக்கும்வரை கதவைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். பரவலாக விற்கும் 600 பவுண்டு காந்தம் சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். ஒரு பிள்ளை தள்ளித் திறக்கக்கூடியதல்ல. மற்ற வகை, கரண்ட் போனாலும் பூட்டியபடியே நிற்கும். பைத்துல்மால் அறைக்கு அது பொருந்தும். அப்போதும் உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும்படி இருக்க வேண்டும். விடுதிக்கும் வகுப்பறைக்கும் மாடிப்படிக் கதவுக்கும் முதல் வகைதான்.

முதல் வகை போட்டாலும் வேலை முடியவில்லை. மின்தடைக்காக இந்தப் பூட்டோடு ஒரு பேட்டரியும் வைக்கிறார்கள். தீ விபத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அந்தப் பேட்டரி பூட்டுக்கு மணிக்கணக்கில் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே புகை உணரும் கருவிகள் சேரும் தீ அலாரப் பெட்டியிலிருந்து ஒரு ரிலே எடுத்து, பேட்டரிக்கும் பூட்டுக்கும் இடையில் ஓடும் வயரை அது துண்டிக்கும்படி இணைக்க வேண்டும். ரிலேயைப் பேட்டரிக்கு முன்னால் போட்டால் பயனில்லை. சைரன் அலறும், கதவு திறக்காது. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் எலக்ட்ரீஷியனிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். டேக் எண்களைக் கவனிக்கும் கன்ட்ரோலர் வழியாகவே திறந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கன்ட்ரோலர் செயலிழந்து நின்றால் என்ன செய்வது? வயரே துண்டாக வேண்டும். அலாரத்தை ஆள் வந்து ரீசெட் செய்யும்வரை பூட்டு தானாக மறுபடி பிடித்துக்கொள்ளவும் கூடாது.

கதவின் உள்பக்கம் வழக்கமான வெளியேறும் பொத்தானோடு, அழுத்தினால் கரண்டை நேரடியாக வெட்டும் பச்சை நிற அவசரப் பெட்டியும் வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று சிறு பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

திருட்டு அலாரம் வேறு. அது ஒலிக்கும்போது பூட்டு விடத் தேவையில்லை. இரண்டையும் ஒரே ரிலேயில் கட்டிவிட்டால், ஜன்னலை உடைத்தவனுக்குக் கதவையும் நாமே திறந்து கொடுத்ததாகிவிடும். காலையில் முதலில் வருபவரின் டேக் கதவைத் திறப்பதோடு இந்த அலாரத்தையும் அணைக்கும்படி அமைக்கலாம். இல்லாவிட்டால் மோதினார் ஃபஜ்ருக்கு வரும்போது தெருவே விழித்துக்கொள்ளும். (ஒருவகையில் நல்லதுதான்!) நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தால் ரமளானில் சஹருக்கும் தராவீஹுக்கும் தனி அட்டவணை வேண்டும். கருவிக்குத் தெரிவது ஆங்கிலத் தேதி மட்டும். ரமளானோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வருகிறது. எனவே ஒவ்வோர் ஆண்டும் ஷஃபானிலேயே அதை மாற்றியாக வேண்டும்.

டேக் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். 125 கிலோஹெர்ட்ஸ் டேக்கில் பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே இருக்கும்; மலிவான கருவியால் அதை நகலெடுத்துவிடலாம். 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், மறைக்குறியீடு உள்ள வகை மேலானது. அதிலும் மைஃபேர் கிளாசிக் என்ற பழைய வகையின் மறைக்குறியீட்டை ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

டேக் ஓர் அமானிதம். தொலைந்தால் அன்றைக்கே அலுவலகத்தில் சொல்லுங்கள்; திட்டுவார்கள் என்று பிள்ளைகள் மறைத்தால் அந்த எண் உயிரோடு இருக்கும். படிப்பு முடித்துப் போகிறவரிடமும் வேலையை விட்டு நிற்பவரிடமும் டேக்கைத் திரும்ப வாங்கி எண்ணை நீக்குவது வார்டன் பொறுப்பு.

பொருத்தி முடித்த நாளில், பேட்டரி இணைப்போடு இருக்க, தீ அலாரத்தை ஒலிக்கச் செய்து ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளிப் பாருங்கள். பிறகு மெயினை அணைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம். மாதம் ஒருமுறை, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில், இதே சோதனையைச் செய்து தேதியோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.