ஒரே மாதத்தில் ஒரு மருந்துக்கு வரவேற்பு, மற்றொன்றுக்குத் தடை

புது தில்லி: 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய மருந்துத் துறையில் இரு நிகழ்வுகள் அடுத்தடுத்து நடந்தேறின. இந்தியாவிலேயே கண்டறியப்பட்டு உருவாக்கப்பட்ட "சாரோகிளிட்டசார்" என்ற மருந்துக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி கிடைத்துள்ளதாக ஆமதாபாதின் ஸைடஸ் கேடிலா நிறுவனம் மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. இரு வாரங்கள் கழியுமுன், லட்சக்கணக்கான நீரிழிவு நோயாளிகள் உட்கொண்டு வந்த "பயோகிளிட்டசோன்" மாத்திரையின் உற்பத்தியையும் விற்பனையையும் மத்திய சுகாதார அமைச்சகம் நிறுத்தி வைத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த அச்சமே அதற்குக் காரணம்.

வரவேற்கப்பட்டதும் தடுக்கப்பட்டதும் ஒரே குடும்பத்து மருந்துகள் என்பது அன்று பரவலாகப் பேசப்படவில்லை.

இவ்விரண்டும் இயங்கும் இடம் உயிரணுவின் உட்கரு. அங்கே எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை முறைப்படுத்தும் "உட்கரு ஏற்பிகள்" என்ற புரதங்கள் உள்ளன. மனிதரிடம் இவை 48. ஹார்மோனோ கொழுப்பு அமிலமோ வந்து இணைந்தால் இவற்றில் பல விழித்துக்கொள்ளும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமாக்சிஃபென், இவற்றுள் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுத்தே பயன் தருகிறது. 1990-இல் அடையாளம் காணப்பட்ட "பிபிஏஆர்" பிரிவில் ஆல்ஃபா ஈரலில் கொழுப்பை எரிக்கத் தூண்டுகிறது. காமா இன்சுலின் செயல்பாட்டைச் சீராக்குகிறது. பயோகிளிட்டசோன் முக்கியமாகக் காமாவையும், சாரோகிளிட்டசார் இரண்டையும் தூண்டும்.

எலி சொன்ன சேதி

சிக்கல் எலிகளிடம் தொடங்கியது. ஆல்ஃபாவைத் தூண்டும் பொருள்களை நெடுநாள் உட்கொண்ட எலிகளுக்கு ஈரல் பெருத்துப் புற்றுநோய் தோன்றியது. ஆனால், அதே வகையிலான ஃபைப்ரேட் மாத்திரைகளைப் பல பத்தாண்டுகளாக உட்கொள்ளும் மனிதரிடம் அவ்வாறு காணப்படவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் மூலக்கூறு உயிரியல் அறிஞர் ஃபிராங்க் கொன்சாலஸின் குழு, 1995-இல் இந்த ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியது. மருந்து கொடுத்தும் அவற்றின் ஈரல் பெருக்கவில்லை. பின்னர் மனித ஏற்பி பொருத்தப்பட்ட சுண்டெலிகளில் ரத்தக் கொழுப்பு குறைந்தது. ஈரல் உயிரணுக்களோ பெருகவில்லை. எலியின் ஈரலுக்கு நேர்வது மனிதருக்கும் நேரும் என்று கொள்ள வேண்டியதில்லை என்ற வாதம் இதனால் வலுப்பெற்றது.

சிறுநீர்ப்பை விஷயத்தில் அத்தகைய ஆறுதல் கிட்டவில்லை. ஹைதராபாதின் டாக்டர் ரெட்டீஸ் கண்டறிந்து, டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்குக்கு உரிமம் வழங்கிய "ராகாகிளிட்டசார்" மருந்தின் சோதனைகள், எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதால் 2002-இல் நிறுத்தப்பட்டன. இவ்வகை மருந்துகளை ஆறு மாதங்களுக்கு மேல் மனிதரிடம் சோதிக்குமுன், எலிகளிடம் இரண்டாண்டு புற்றுநோய்ச் சோதனையை முடித்தாக வேண்டும் என 2004-இல் அமெரிக்கா விதித்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் காப்புரிமைச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியபோது, இனிப் புதிய மருந்துகளைக் கண்டறிவதே இந்திய நிறுவனங்களுக்கு வழி என்று பேசப்பட்டது. அந்த வழி எவ்வளவு செலவும் இடரும் மிக்கது என்பதை ஹைதராபாத் அதற்குள் அனுபவித்திருந்தது. அந்நிறுவனத்தை உருவாக்கிய அஞ்சி ரெட்டி 2013 மார்ச்சில் மறைந்தார். ஆமதாபாதின் அறிவிப்பு வந்தது அதன் பிறகே.

தில்லியின் தடுமாற்றம்

பிரான்ஸ் 2011-லேயே பயோகிளிட்டசோனை நிறுத்திவிட்டது. மருந்து அனுமதி முறைகளை நாடாளுமன்ற நிலைக்குழு தனது 59-ஆவது அறிக்கையில் கடுமையாகச் சாடியது 2012 மே மாதத்தில். அதன் சூடு தணியாத நிலையில்தான் அமைச்சகம் தடையாணை பிறப்பித்தது. விலை குறைந்த, பயனுள்ள மருந்தை ஒரே நாளில் பறிப்பதா என நீரிழிவு மருத்துவர்கள் கேள்வி எழுப்பினர். மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனை வாரியத்தின் பரிந்துரையின் பேரில் ஜூலை 31-ஆம் தேதி தடை விலக்கப்பட்டது. முதல்நிலை மருந்தாகத் தரலாகாது. புற்றுநோய் எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆறு வாரங்களில் இரு முடிவுகள். எச்சரிக்கையுடன் அனுமதிப்பதுதான் சரியெனில், அதை ஜூன் மாதமே செய்திருக்கலாம். இடையில் மருந்துக்கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் நோயாளிகளே.

ஈரலை நோக்கி

சாரோகிளிட்டசாருக்கு, மது அருந்தாதோரின் கொழுப்பு ஈரல் அழற்சிக்கான மருந்தாகவும் 2020 மார்ச்சில் இந்தியா அனுமதி அளித்தது. உலகிலேயே இதுதான் முதல் அனுமதி என நிறுவனம் பெருமை கொண்டது. அமெரிக்காவில் அந்நோய்க்கு முதன்முதலாக 2024 மார்ச்சில் ஏற்கப்பட்ட ரெஸ்மெட்டிரோமும் ஓர் உட்கரு ஏற்பியையே, அதாவது ஈரலிலுள்ள தைராய்டு ஏற்பியையே, நாடுகிறது.

இந்தியாவில் 9 முதல் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருக்கலாம் என்பது மத்திய அரசே எடுத்துரைக்கும் கணக்கு. தேசியத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் இந்நோயையும் சேர்ப்பதற்கான வழிகாட்டுதல்களை 2021 பிப்ரவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வெளியிட்டார். 2024 செப்டம்பரில் அவை திருத்தப்பட்டன. கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் 30 வயதைக் கடந்தோரின் இடுப்புச் சுற்றளவை அளந்து, நோய் வாய்ப்புள்ளோரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதிலிருந்து அப்பணி தொடங்குகிறது.