ஊர் தாண்டாத பானம், ஊர் தாண்டும் நண்பர்கள்: பெங்களூரு கிராஃப்ட் பீர் முதல் கொங்குத் தெளுவு வரை!

கோவைக்கு மேற்கே இருக்கும் தொண்டாமுத்தூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னையும் பாக்கும்தான். அந்தத் தோப்புகளுக்கு நடுவே வளர்ந்து, கோவையின் ஐ.டி அலுவலகங்களிலும் மோட்டார் பம்ப் கம்பெனிகளிலும் வேலைக்குப் போகும் இளைஞர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது அடிக்கடி வரும் திட்டம், 'இந்த வாரம் பெங்களூரு போலாமா?' என்பதுதான். போகும் காரணங்களில் ஒன்று, கிராஃப்ட் பீர்.

கோவையிலிருந்து பெங்களூரு சுமார் 360 கிலோமீட்டர். முன்பெல்லாம் காந்திபுரத்தில் ஆம்னி பஸ் பிடித்து இரவு முழுக்கப் பயணம் செய்வார்கள். 2018-ல் உதய் டபுள் டெக்கர் ரயில் வந்தது. 2023 டிசம்பர் 30-ல் வந்தே பாரத்தும் தொடங்கியது. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் பெங்களூரு. ஒரு கிளாஸ் பீருக்காகவா இவ்வளவு தூரம் என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். அந்த பீர் இவர்களைத் தேடி வராது என்பதுதான் இவர்களின் பதில்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பீருக்கு அடிப்படை நான்கே பொருள்கள்: தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி (இதுதான் மால்ட்), ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட். மால்ட்டை உடைத்து, ஏறக்குறைய 65 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடும். ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதன் உறவுக்கார வேலைதான் இது. இட்லி மாவுக்கு ஓர் இரவு போதும். பீருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும்.

பெரிய ஆலைகளில் தயாராகும் பாட்டில் பீரும் இதே வழியில் வருவதுதான். ஆனால், அதை வடிகட்டி, பாஸ்டரைஸ் செய்து, மாதக்கணக்கில் கெடாதபடி அடைக்கிறார்கள். 1870-களில் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளின் கொடை அது. சிறிய ஆலையில், அதாவது மைக்ரோ புரூவரியில், பீர் காய்ச்சும் செம்பு, ஸ்டீல் தொட்டிகள் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கும். அங்கிருந்து குழாய் வழியாக நேராக மேஜைக்கு வருகிறது. பெரும்பாலும் வடிகட்டுவதில்லை, பாஸ்டரைஸ் செய்வதுமில்லை. அதனால் மணமும் ருசியும் அதிகம், ஆயுள் குறைவு. காய்ச்சிய இடத்திலேயே குடித்தால்தான் உண்டு.

இந்தியாவில் இந்த அலை 2008, 2009 வாக்கில் குருகிராமிலும் புனேவிலும் கிளம்பியது. பெங்களூரு லாவெல் ரோட்டில் 2011-ல் 'தி பியர் கிளப்' திறந்தது. இந்திராநகரின் 'டாய்ட்' இன்று வெளியூர்க்காரர்கள் தேடிப் போய்ப் பார்க்கும் இடம்.

தென்னிந்தியாவுக்கு பீர் ஆலை புதிதல்ல என்பது இதில் சுவாரஸ்யமான விஷயம். நம் பக்கத்து மலையான நீலகிரியில், வெள்ளைக்காரப் படைவீரர்களின் தாகத்துக்காக 19-ம் நூற்றாண்டிலேயே பீர் காய்ச்சினார்கள். தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தென்னிந்தியாவின் 5 ஆலைகளை இணைத்து 'யுனைடெட் புரூவரீஸ்' நிறுவனத்தைத் தொடங்கியபோது, நீலகிரி ஆலையும் அதில் இருந்தது. மலையில் இருந்த தொழில் பெங்களூருக்குப் போய்ப் பெரிதானது. இப்போது மலையடிவாரத்துப் பிள்ளைகள் அதைத் தேடி பெங்களூரு போகிறார்கள்.

ருசி பார்ப்பதற்கும் முறை உண்டு

விவரம் தெரிந்த நண்பர் கூட்டம் போனதும் பெரிய கிளாஸ் கேட்பதில்லை. சின்னச் சின்ன கிளாஸ்களில் நான்கைந்து வகைகளை வரிசையாகத் தரும் 'சாம்ப்ளர்' ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது வழக்கம். கசப்பானதை முதலில் குடித்துவிட்டால், அடுத்து வரும் மென்மையானது தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

கோதுமை பீரை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையுமே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஈஸ்ட் கொடுக்கும் வாசனை அது. பெல்ஜியம் பாணி 'விட்பியர்' வகையில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். 'ஐ.பி.ஏ' என்றால் ஹாப்ஸின் கசப்பு தூக்கலாக இருக்கும். 'ஸ்டவுட்' கறுப்பு, காபிக்கொட்டை போல வறுத்த மால்ட்டின் ருசி. மாம்பழ சீசனில் மாம்பழ பீர் போடும் இடங்களும் உண்டு.

முதலில் நிறம், அடுத்து மணம், பிறகு ஒரு வாய். நடுநடுவே தண்ணீர். பற்களே கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தால் ருசி தெரியாது. கொஞ்சம் குளிர் விட்டால்தான் மணம் எழும். காய்ச்சும் பகுதியைச் சுற்றிக் காட்டும் இடங்களில் கேட்டால், தொட்டிக்கு அருகில் நின்று மால்ட்டை வாயில் போட்டுப் பார்க்கவும் விடுவார்கள். பொரிகடலைக்கும் பிஸ்கட்டுக்கும் இடைப்பட்ட ருசி. இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்டு ருசிப்பவர்கள், வழக்கத்தைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள் என்பது இந்தப் பழக்கத்தில் ஒரு நல்ல பக்கம்.

மேற்கே ஒரு குறுக்குவழி

பெங்களூரு அளவுக்கு நேரமும் பணமும் இல்லாதவர்களுக்கு இன்னொரு திசை இருக்கிறது. வாளையார் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். அங்கே சித்தூர் வட்டாரம் கள்ளுக்குப் பெயர்போனது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் போவது இங்கிருந்துதான். மண் அதே மண், தென்னை அதே தென்னை. கள்ளுக்கடையில் கப்பையும் மீன் குழம்பும் சாப்பிடுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கோவை எண் கொண்ட கார்கள் அந்தப் பக்கம் போகின்றன.

கிராஃப்ட் பீரைப் பற்றிச் சொன்னதெல்லாம் கள்ளுக்கும் பொருந்தும். வடிகட்டாதது, பாஸ்டரைஸ் செய்யாதது, உள்ளூரில் தயாராவது, தூரம் போகாதது. ஆல்கஹாலும் ஏறக்குறைய அதே அளவு. வழக்கமான பீரில் 4 முதல் 6 சதவிகிதம். கள்ளிலும் ஏறக்குறைய அதுதான். தென்னங்கள்ளுக்கு உச்ச வரம்பாகக் கேரளம் 8.1 சதவிகிதம் என்று வைத்திருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு. பீருக்கு பார்லி வட இந்தியாவிலிருந்து வர வேண்டும், ஹாப்ஸ் பெரும்பாலும் கப்பலேறி வர வேண்டும். கள்ளுக்கு வேண்டியதெல்லாம் வரப்பில் நிற்கிறது.

விரியாத பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, கலயம் மாட்டினால் சாறு சொட்டும். ஒரு நல்ல தென்னை நாளுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தரும். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் இயற்கை ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் புளிப்பு, மறுநாள் காடி. நாளுக்கு இரண்டு மூன்று முறை மரம் ஏறி, பாளையைச் சீவிவிட வேண்டும். சீவல் கொஞ்சம் ஆழமானாலும் பாளை வீணாகிவிடும். பீர் காய்ச்சுபவரின் நுணுக்கத்துக்குக் குறையாத கைத்தொழில் இது. கேரளத்தில் இந்தத் தொழிலாளர்களுக்கு 1969-லேயே சட்டத்தின் மூலம் நலநிதி வந்துவிட்டது.

இந்தப் பக்கம் மட்டும் ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை. இன்று வாளையாருக்கு அந்தப் பக்கம் பாளை சீவுபவர் தொழிலாளி. இந்தப் பக்கம் அதே பாளையில் கள் இறக்கினால், வழக்கு.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மரத்திலிருந்து இறங்கும் கள்ளின் அளவுக்கு எல்லை உண்டு. கடையில் கேட்கும் கூட்டத்துக்கு எல்லை கிடையாது. அந்த இடைவெளியில்தான் மயக்க மருந்து கலந்த கலப்படக் கள் நுழைந்தது. கேரளத்திலும் இந்தப் புகார்கள் அவ்வப்போது வருகின்றன. கூலியைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு வந்த கணவர்களைப் பார்த்த பெண்களுக்கு, இந்தத் தடை மறந்துபோகக் கூடிய விஷயமல்ல.

எதிர்த் தரப்பின் வாதமும் வலுவானது. ஈரோட்டைச் சேர்ந்த செ.நல்லசாமியின் கள் இயக்கம், கள் போதைப்பொருள் அல்ல, உணவு என்று பல ஆண்டுகளாக வாதாடிவருகிறது. கள்ளைத் தடுத்துவிட்டு, 2003 முதல் அரசே டாஸ்மாக் கடைகளில் அதைவிடப் பல மடங்கு ஆல்கஹால் கொண்ட மதுவைச் சில்லறையில் விற்பது என்ன நியாயம் என்பது அவர்களின் கேள்வி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அடுத்த மாதமே, கள் மீதான தடையை மறுபரிசீலனை செய்யலாமே என்று சென்னை உயர் நீதிமன்றம் அரசிடம் கேட்டது.

இதற்கிடையில் தென்னை விவசாயிக்குப் பிரச்னை ஒன்றிரண்டல்ல. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈ, வேர்வாடல் நோய், ஏறி இறங்கும் காய் விலை, மரம் ஏற ஆள் இல்லாமை. காயை மட்டும் நம்பாமல் பாளையிலிருந்தும் வருமானம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது அதனால்தான். நண்பர் கூட்டம் பெங்களூருக்கும் சித்தூருக்கும் கொண்டுபோகும் பணத்தில் ஒரு பங்கு தோப்புக்கு வரக் கூடாதா என்ற ஏக்கமும் அதில் இருக்கிறது.

குடும்பத்தோடு ருசிக்க ஒன்று

சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல், நீரா. அதே பாளைச் சாறு, புளிக்கும் முன். 2017-ல் தமிழக அரசு நீரா இறக்க அனுமதி அளிக்கும் முடிவை எடுத்தது. பொள்ளாச்சி வட்டாரத்தின் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரிமம் பெற்று இறக்கி விற்கின்றன. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், கலயத்துக்குப் பதிலாக ஐஸ் நிரப்பிய பெட்டியைப் பாளையில் மாட்டும் முறையைக் கண்டுபிடித்தது. குளிர் இருந்தால் ஈஸ்ட் தூங்கிவிடும். சாறு புளிக்காது, ஆல்கஹாலும் உருவாகாது. இதைக் காய்ச்சினால் தென்னைச் சர்க்கரை.

பழைய முறையும் நம்மிடம் உண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் நிற்கும். மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பதை, கொங்குப் பக்கம் 'தெளுவு' என்பார்கள். கோடையில் சாலையோரம் பானையோடு உட்கார்ந்திருப்பவரிடம் வண்டியை நிறுத்தித் தெளுவு குடிப்பதும், ஊர் தாண்டாத பானத்தை ஊரிலேயே ருசிப்பதுதான். இதற்கு வயது வரம்பு கிடையாது. பாட்டியையும் பேரப்பிள்ளையையும் கூட்டிப் போகலாம். இனிப்பு அதிகம் என்பதால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* மது அருந்தும் வயது கர்நாடகத்தில் 21, கேரளத்தில் 23. அடையாள அட்டை கேட்பார்கள்.

* குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. 100 மி.லி ரத்தத்தில் 30 மி.கி ஆல்கஹாலுக்கு மேல் இருந்தாலே வழக்குதான். ரயிலிலோ பஸ்ஸிலோ போங்கள். கார் என்றால், அன்று ஒரு சொட்டும் தொடாத ஒருவர் ஓட்டட்டும்.

* கேரளக் கள்ளை ருசியாக இருக்கிறதே என்று பாட்டிலில் பிடித்து எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம்.

* உரிமம் பெற்ற கடைகளைத் தவிர வேறெங்கும் கள் வாங்காதீர்கள். கலப்பட ஆபத்து அங்கேதான் அதிகம்.

* ஆல்கஹாலில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கிராஃப்ட் பீருக்கும் கள்ளுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை.