செமஸ்டர் டிக்கெட் – 6: பரணில் போட்ட சாமிகள்

லைப்சிக்கிலிருந்து ஹாலே நகரத்துக்கு மின்ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. செமஸ்டர் டிக்கெட் இருந்தால் தனிச் செலவும் இல்லை. அதனாலேயே ஒன்றரை வருடமாகப் போகாமல் இருந்தேன். பக்கத்து ஊர்க் கோயிலுக்கு யார் அவசரப்பட்டுப் போகிறார்கள்?

கடைசியில் கிளப்பிவிட்டது, இந்த வருடம் எங்கள் துறையில் சேர்ந்த மயிலாடுதுறைத் தம்பிதான். “அக்கா, இந்த சனி ஞாயிறு எங்கேயாவது போலாம். ஆனா காசு ஆகக் கூடாது.” ஹாலேவைத் தவிர வேறு ஊர் தோன்றவில்லை.

ஊர் உப்பால் வளர்ந்தது. மண்ணுக்கடியிலிருந்து உப்புநீர் இறைத்துக் காய்ச்சிய தொழிலாளர்களுக்கு ஹலோரன் என்று பெயர். அவர்கள் சட்டையின் வெள்ளிப் பொத்தானைப் பார்த்துச் செய்த சாக்லேட் உருண்டை இன்றும் விற்கிறது. அதைச் செய்யும் கம்பெனி 1804-இல் தொடங்கியது. சந்தைச் சதுக்கத்தில் ஐந்து கோபுரங்கள், நடுவில் 1685-இல் இங்கே பிறந்த இசைமேதை ஹாண்டெலின் சிலை. போட்டோ எடுத்தோம். சாக்லேட்டும் வாங்கினோம். காசு ஆகக் கூடாது என்றவன்தான் இரண்டு டப்பா வாங்கினான்.

அங்கிருந்து தெற்கே சிறிது நடந்தால், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கட்டிய கான்கிரீட் மேம்பாலம் ஒன்று கண்ணை உறுத்தும். அதை ஒட்டி நிற்பதுதான் பிராங்கே நிறுவனங்கள். மேம்பாலத்தை இப்படிக் கொண்டுவந்து நிறுத்தியவர்களுக்கு ஊரின் மீது என்ன கோபமோ!

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார் 1695-இல் தன் காணிக்கைப் பெட்டியில் விழுந்த நான்கு தாலர் பதினாறு குரோஷனை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மூன்றே வருடத்தில் அநாதை இல்லக் கட்டடத்துக்கு அடிக்கல் விழுந்தது. பிறகு அச்சகம், மருந்துக்கடை, நூலகம் என்று ஒரு குட்டி நகரமே எழுந்தது.

இல்லத்தின் பரணில் இருக்கிறது அதிசயக் கூடம். மரப்படி ஏறி மூச்சு வாங்க நின்றால், தலைக்கு மேல் முதலை ஒன்று தொங்குகிறது. சங்கு, பாம்பு, கல், தொலைதூர நாட்டுச் செருப்பு என ஓவியம் தீட்டிய அலமாரிகளில் 18-ஆம் நூற்றாண்டு உலகத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சேர்த்தவை. இந்தக் கூடத்துக்குப் பொருள் அனுப்பிய ஊர்களில் தரங்கம்பாடியும் ஒன்று.

காரணம் சீகன்பால்கு. ஹாலேயில் படித்தவர். மதம் பரப்ப டென்மார்க் அரசர் அனுப்ப, 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தமிழ் அச்சு அதற்கு முன்பே, 1578-இல் கொல்லத்தில், தொடங்கிவிட்டது. ஆனால் சீகன்பால்குக்கு வேண்டிய எழுத்துகள் ஹாலேயில்தான் வார்க்கப்பட்டன. அவர் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து இந்த ஊர்க் கைகள் நம் ‘ழ’வையும் ‘ண’வையும் ஈயத்தில் உருவாக்கின. எழுத்து பெரிதாகப் போனதால் தாள் போதவில்லை. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்க்க நேர்ந்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. மறு ஆண்டு, அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் வெளிவந்தது.

இதுவரை கேட்டால் நன்றி சொல்லிக் கும்பிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த கதை அதைக் கொஞ்சம் குறைத்தது.

தமிழர்கள் கும்பிடும் தெய்வங்களைப் பற்றி, சிவன், திருமாலோடு ஐயனார், மாரியம்மன் போன்ற ஊர்த் தெய்வங்களையும் சேர்த்து, ஊராரிடமே கேட்டுக் கேட்டு சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதினார். 1713-இல் கையெழுத்துப் படி ஹாலே வந்தது. பிராங்கே அச்சிட மறுத்தார். உங்களை அனுப்பியது அந்த மதத்தை அங்கே ஒழிப்பதற்கு, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் வாதம். சீகன்பால்கும் மதம் மாற்றப் போனவர்தான். ஆனால் மாற்ற வேண்டுமானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவர். என் ஓட்டு அவருக்கே. நூல் அச்சேறியது 1867-இல், சென்னையில். 154 வருடம்! ஊர் ஊரிலிருந்து வந்த முதலைக்கும் சங்குக்கும் இடமிருந்த வீட்டில், ஐயனாருக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “தரங்கம்பாடி எங்க வீட்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரந்தான்க்கா. பீச்சுல ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பினதோட சரி” என்றான்.

ஞாயிறன்று மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நேப்ரா வான்தகட்டைப் பார்த்தோம். சூரியனோ முழுநிலவோ ஒன்று, ஒரு பிறை, நட்சத்திரங்கள் பதித்த வெண்கலத் தகடு. புதைந்து ஏறக்குறைய 3,600 வருடம். திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் 1999-இல் எடுத்து விற்றதை, மூன்று வருடம் கழித்துப் பாசெல் நகரில் போலீஸ் மடக்கிப் பிடித்தது. அதற்கே தனி அத்தியாயம் வேண்டும்.

ஹாலே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதிசயக் கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சாக்லேட்டைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் திறக்காது.

(தொடரும்)