அத்தையின் நாற்காலிக்கும் பசிக்கும்!

கேளம்பாக்கத்திலிருந்து வரும் சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுகிறதே, அந்தக் கோவளம் முச்சந்தியில், நட்டநடு வழியில் என் அத்தையின் மின்சார நாற்காலி நின்றுவிட்டது. இரு பக்கமும் பஸ்களும் லாரிகளும். அத்தை குமிழை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். "செத்துப் போச்சுடி" என்றார். குரலில் நடுக்கமே இல்லை. எனக்குத்தான் கை கால் உதறியது.

நாலு பேர் ஓடி வந்து நாற்காலியோடு அத்தையைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். கனமான கனம்! மோட்டாரின் பிடியை விடுவிக்க ஒரு நெம்புகோல் உண்டு, அதைத் திருப்பிவிட்டால் நாற்காலி தள்ளுவண்டி போல உருளும் என்பது எங்கள் இருவருக்குமே அன்று தெரியாது. வாங்கிய தினத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அத்தைக்கு இடுப்புக்குக் கீழே வலுவில்லை. பல வருஷம் யாராவது தள்ளினால்தான் வாசல் என்ற நிலை. இந்த நாற்காலி வந்த பிறகு நிலைமை மாறியது. தர்கா பக்கம், மீன் சந்தை, மாலையில் கடற்கரை என்று யாரையும் கெஞ்சாமல் போய் வந்தார். கோவளம் கடற்கரை 2021-ல் நீலக் கொடிச் சான்று பெற்றது. உடல் ஊனமுற்றவர்களும் வந்து போக வசதி வேண்டும் என்பது அந்தச் சான்றுக்கு ஒரு நிபந்தனை. கடல் அத்தையைக் கூப்பிட்டது. பாட்டரிதான் காலை வாரிவிட்டது.

தாம்பரத்திலிருந்து வந்த மெக்கானிக் இருக்கைக்குக் கீழே திறந்து பார்த்தார்.

"எப்போம்மா சார்ஜ் போடுவீங்க?"

"முழுக்கத் தீர்ந்த பிறகுதான் தம்பி. நடுவில் போட்டால் கெட்டுப் போகுமாமே!"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிகளுக்கு அப்படிச் சொல்வார்கள். அத்தையின் நாற்காலியில் இருப்பதோ ஈய அமில பாட்டரி. 12 வோல்ட் பெட்டி இரண்டைக் கோத்து 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். பால் காய்ச்சிய பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடனே தேய்த்தால் சுலபமாகப் போய்விடும். இரண்டு நாள் காயவிட்டால்? பாட்டரி மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்க, உள்ளே உள்ள தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. அன்றிரவே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். வெறும் வயிற்றோடு நாள் கணக்கில் போட்டு வைத்தால் கெட்டிப்பட்டு, பிறகு எதற்கும் கரையாது. பாட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அத்தையின் நாற்காலி அப்படித்தான் சுருங்கிச் சுருங்கி, ஒரு நாள் சாலை நடுவில் நின்றது.

ஆகையால், வெளியே போய் வந்த ஒவ்வொரு நாளும் ராத்திரி சார்ஜ் போடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகட்டும். 'நாலு மணி நேரத்தில் முக்கால்வாசி ஏறிவிட்டதே' என்று பிடுங்கிவிடாதீர்கள். கடைசிக் கால் பங்குதான் மெதுவாக ஏறும். பாட்டரியின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. நாற்காலியோடு வந்த சார்ஜர்தான் வேண்டும். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சார்ஜர் உதவாது.

சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு சிறிது கசியக்கூடும். அது தீப்பற்றும். எனவே காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், பூஜை அறை விளக்குக்கு அருகிலும் வேண்டாம். தூசி படாமல் இருக்கட்டும் என்று சார்ஜர் மேல் துணியைப் போர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள் (அத்தையும் ஒருவர்தான்). அதற்குச் சூடு ஆற வழி வேண்டாமா?

பெண்களுக்கென்று ஒரு விஷயம். பாட்டரி முனைகளைத் தொடுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். உலோகம் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும், கை வெந்துவிடும். கோவளத்து உப்புக் காற்றில் அந்த முனைகளில் பொடி பூக்கிறது. ஸ்விட்சை அணைத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு தண்ணீரை இதற்கு ஊற்றப் பார்க்காதீர்கள். மூடி முத்திரையிட்ட பெட்டி இது.

மணலிலும் மேட்டிலும் மோட்டார் அதிக மின்சாரத்தைக் குடிக்கும். தார்ச் சாலையில் போகிற தூரம் மணலில் போகாது. போகிற தூரத்தை மட்டும் பார்த்து, திரும்புகிற தூரத்தை மறந்ததும் அத்தை செய்த ஒரு தப்பு.

இப்போது லித்தியம் பாட்டரியும் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் வெளியிட்ட 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும். அதில் இருப்பது லித்தியம்தான். இதன் குணம் வேறு. ஊருக்குப் போய் ஒரு மாதம் வர மாட்டீர்கள் என்றால் ஈய பாட்டரியை முழுக்க நிரப்பி வைக்க வேண்டும். லித்தியத்தைப் பாதியளவில் வைப்பது நல்லது. உப்பியிருந்தால் அதைச் சார்ஜில் போடவே கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென் சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை கேட்டதும் மெழுகுவத்தி வாங்குகிறோம். நாற்காலி உள்ள வீட்டில் முதல் வேலை சார்ஜ்.

அத்தைக்கு இரண்டு பாட்டரியும் புதிதாக மாற்றியாயிற்று. "ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிச் செலவுதானே?" என்று நான் கேட்டேன். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்றார் மெக்கானிக். பழைய பாட்டரிகளைக் காயலான் கடைக்குப் போடாமல் விற்றவரிடமே கொடுத்தோம். திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியிருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தார். கடற்கரைக்குப் போய்த் திரும்பிவிட்டாராம். "ஒரு கட்டைதான் குறைஞ்சிருக்குடி. ஆனாலும் சார்ஜ்ல போட்டுட்டேன். நீ சாப்பிட்டியா?"