வலையும் வழியும் – 9: பதில் சொன்னது யார்?

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உடன்குடியிலிருந்து பஸ் ஏறித் திருச்செந்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு வருகிற ஒருவருக்கு, ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்ற பதிலால் ஒரு நாள் கூலி போகிறது. சர்வர் உண்மையிலேயே படுத்திருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கோளாறு அந்த சென்டருக்குள்ளேயே இருந்து, திரையில் வந்த செய்தியைப் படிக்காமலே அவரைத் திருப்பி அனுப்பினால், அது அநியாயம்.

சென்ற வாரம் ஐ.பி. முகவரி பற்றிப் பார்த்தோம். அந்த முகவரியை வைத்துக் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது இந்த வாரம்.

1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ், தன் நெட்வொர்க் காட்டிய கோளாறு ஒன்றைத் துப்பறிய ‘பிங்’ என்ற சிறிய நிரலை எழுதினார். கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் சோனார்தான் அவருக்கு முன்மாதிரி. மணப்பாட்டு மீனவருக்கு இதை விளக்கவே வேண்டாம். எக்கோ சவுண்டர் ஆழம் காட்டுவதும் இதே முறையில்தான்.

ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும் இந்தப் பிங்கை, அருகிலிருந்து தொலைவுக்கு வரிசையாக அனுப்ப வேண்டும். முதலில் 127.0.0.1, அது உங்கள் கம்ப்யூட்டரே. அடுத்தது ரௌட்டர், பல சென்டர்களில் அதன் முகவரி 192.168.1.1. அதன்பின் 8.8.8.8 போன்ற வெளி முகவரி. கடைசியாக, எண் இல்லாமல் தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸில்தான் சிக்கல். உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியே 169.254 என்று தொடங்கினால், அதற்கு ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை. கேபிளையும் ரௌட்டரையும் பாருங்கள்.

பதில் என்ன சொல்கிறது என்பதோடு, அதைச் சொன்னது யார் என்றும் பாருங்கள். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்ற வரியில் உங்கள் கம்ப்யூட்டரின் முகவரியே இருந்தால், செய்தி ரௌட்டரைக்கூட எட்டவில்லை. ரௌட்டரின் முகவரி இருந்தால், அதுவரை வழி சரி. கோளாறு அதற்கு அப்பால். ‘டைம்டு அவுட்’ என்றால் யாருமே பதில் சொல்லவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துச் சர்வரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். நன்றாக இயங்கும் பல சர்வர்கள் பாதுகாப்புக்காகப் பிங்குக்குப் பதில் தருவதில்லை.

பிரவுசரும் இப்படித்தான். 502, 503, 504 எண்களை அனுப்புவது எதிர்முனை. அதாவது உங்கள் இணைப்பு சரி, அங்கேதான் தடுமாற்றம். ‘சர்வர் டவுன்’ என்று தயங்காமல் சொல்லலாம். இங்கே ரௌட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. மாறாக, ஒவ்வொரு தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால், உங்கள் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி செத்துவிட்டால், கரன்ட் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்று எதுவும் செல்லாததாகத் தெரியும். தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

கோளாறு எங்கே என்ற இந்த வேறுபாடு கைப்பேசியிலும் உண்டு. சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் ஒரு படம்கூடப் போகாமல் நிற்கலாம். கோடுகள் டவரின் அலை வலிமையைத்தான் காட்டும்; அந்த டவரை எத்தனை ஆயிரம் பேர் பங்கிடுகிறார்கள் என்பதைக் காட்டாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நடந்தது வேறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மின்சாரம் போய், பல ஊர்களில் சிக்னலே இல்லாமல் போனது. கூட்ட நெரிசலில், சற்றுத் தள்ளிப் போய் முயன்றால் கிடைக்கலாம். டவருக்கே மின்சாரம் இல்லாதபோது, விடாமல் அழைத்துப் பார்ப்பது கைப்பேசியின் சார்ஜைத்தான் தீர்க்கும்.

சென்டர் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். செய்தி வந்ததும் மூடிவிடாமல் அதை அப்படியே எழுதிவையுங்கள்; மேலே சொன்ன வரிசையில் சோதியுங்கள். சில நிமிட வேலைதான். பிறகு எதிரே நிற்பவரிடம், ‘இங்கேதான் கோளாறு, கொஞ்சம் உட்காருங்க’ என்றோ, ‘அங்கே கோளாறு, போன் பண்றேன், அப்புறம் வாங்க’ என்றோ சொல்லுங்கள். காத்திருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்பதை அவர் விவரம் தெரிந்து முடிவெடுக்கட்டும்.

(அடுத்த வாரம்: வைஃபை ஏன் சுவரைக் கண்டு தளர்கிறது?)